பருத்தி மானியம் களத்துக்கு வரட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பருத்திக்கு மானியம் என்றாலே விதை, உரம், மருந்து என விதைப்புக் காலச் செலவுதான் பேச்சாகிறது. விவசாயி அடிவாங்குவது அங்கே இல்லை. எடுத்த பருத்தி எடைமேடைக்குப் போகும்போதுதான்.

2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை, குவிண்டாலுக்கு நீண்ட இழைக்கு 8,110 ரூபாய், நடுத்தர இழைக்கு 7,710 ரூபாய். இது ஈரப்பதம் 8 சதவீதம் வரை உள்ள பருத்திக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு சதவீதத்துக்கும் விலையில் ஒரு சதவீதம் கழிப்பார்கள். 12 சதவீதம் ஈரமுள்ள நீண்ட இழைக்குக் கிடைப்பது 7,785 ரூபாய் 60 காசு. 13 என்று காட்டிவிட்டால், ஆதரவு விலைக்கு வாங்கும் மத்திய அரசு நிறுவனமான இந்தியப் பருத்திக் கழகம் வாங்காது. அப்புறம் வியாபாரி சொல்வதுதான் விலை.

இத்தனை ஈரம் எப்படி வருகிறது? காலை 10, 11 மணிக்குள் பருத்தி எடுங்கள் என்கிறது வேளாண் பல்கலைக்கழகம். சரியான யோசனைதான். வெயில் ஏறிவிட்டால் காய்ந்த இலை நொறுங்கிப் பஞ்சுச் சுளையில் ஒட்டிக்கொள்ளும், தூசிக்காக விலை குறையும். ஆனால் காலையில் எடுத்த பருத்தியில் பனி ஈரம் இருக்கும். அன்றைக்கே மெல்லிசாகப் பரப்பி உலர்த்தியாக வேண்டும். சுள்ளென்ற வெயிலில் போட்டால் இழையின் வலுவும் பளபளப்பும் போய்விடும் என்பதால் நிழலும் வேண்டும். டெல்டாவில் தை, மாசியில் விதைக்கும் கோடைப் பருத்தி ஆனி, ஆடியில் எடுப்புக்கு வருகிறது. சாயங்காலம் இடிமழை பிடித்துக்கொள்ளும் காலம். ஏக்கருக்கு ஒரு எடுப்பில் இரண்டு குவிண்டால் வந்தால்கூட வீட்டுத் திண்ணை போதாது, தார்ச்சாலைதான் களம். அரைகுறையாகக் காய்ந்ததைத் திணித்துக் கட்டினால் மூட்டைக்குள் சூடேறி மஞ்சளடிக்கும். தரம் குறைந்த பருத்தியைச் சேலம் பக்கம் 'கொட்டு' என்பார்களே, அந்த விலைக்குத்தான் பிறகு போகும்.

உர மானியமும் இதில் சேர்ந்துகொள்கிறது. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. பொட்டாஷ் 50 கிலோ 1,500 ரூபாயைத் தாண்டுகிறது. எது வயலுக்கு அதிகம் போகும்? யூரியா தரும் தழைச்சத்து மிஞ்சினால் செடி கொழுத்து வளரும், தத்துப்பூச்சியும் அசுவினியும் ஏறும், காய் வெடிப்பது தள்ளிப்போய் மழையில் மாட்டும். கடைசியில் அந்த யூரியா வந்த பிளாஸ்டிக் சாக்கிலேயே பருத்தியும் ஏறுகிறது. சாக்கிலிருந்து பிரியும் நார் பஞ்சில் கலந்தால் ஆலையில் அந்த இடத்தில் சாயம் பிடிக்காது.

ஆகவே யூரியாவுக்குப் போகும் பணத்தில் ஒரு பங்கைப் பொட்டாஷுக்கு மாற்றலாம். இன்னொரு பங்கில் பருத்தி விளையும் ஊர்களில் கூரை போட்ட சிமெண்ட் களம், கூட்டுறவு சங்கத்தில் ஓர் ஈரப்பதமானி, பருத்தித் துணிப் பைகள். ஊரிலேயே ஈரத்தை அளந்து பார்த்தால், 13 காட்டும் மூட்டையை வண்டியில் ஏற்றாமல் இன்னொரு நாள் உலர்த்தலாம். போக வர வாடகை மிச்சம். ஆலைகளுக்காக 2025 ஆகஸ்டில் பருத்தி மீதான 11 சதவீத இறக்குமதி வரியை ஆண்டு இறுதி வரை விட்டுக்கொடுத்த அரசுக்கு இது ஒரு செலவா?

பருத்திக் கழகத்துக்கு விற்க அதன் 'கபாஸ் கிசான்' செயலியில் நில ஆவணத்துடன் பதிய வேண்டியிருக்கிறது. டெல்டாவில் பருத்தி போடுகிறவர்களில் பலர் குத்தகைக்காரர்கள். பட்டா வேறொருவர் பெயரில். கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல் என்னும் சாகுபடிச் சான்றை வைத்தே சாகுபடி செய்பவர் பெயரில் பதிய வழி செய்ய வேண்டும், அதுவும் ஆனி மாத எடுப்புக்கு முன்பே.

- கோடைப் பருத்திச் சாகுபடியாளர்கள் சிலர்,
திருவாரூர் மாவட்டம்