சளி இல்லை, கயல்

அன்புள்ள கயல்,

"சளிதான்மா, ரெண்டு நாளில் சரியாகிவிடும்" என்று போன தடவையும் சொன்னாய், அதற்கு முந்தைய தடவையும் சொன்னாய். சளி என்றால் ஒரு வாரம், மிஞ்சிப்போனால் பத்து நாள். மாதக்கணக்கில் யாருக்கும் சளி பிடிக்காது. கண் அரிக்கிறது, மூக்கில் தண்ணீராகக் கொட்டுகிறது, காய்ச்சல் இல்லை, அண்ணம் நமநமவென்று இருக்கிறது. இவ்வளவும் பேச்சுவாக்கில் நீயே சொன்னவைதான். வேலை விஷயமாக வெளியூரில் தங்கியிருந்தபோது தும்மல் இல்லை. வீட்டுக்குத் திரும்பிய இரவே முன்பைவிட மோசமாகிவிட்டது. உன் வீட்டு நாய் ஜாக்கியால் வரும் அலர்ஜியோ என்று எனக்குச் சந்தேகம். நாயோடு தினமும் இருக்கும்போது உடம்பு ஒரு மாதிரி பழகிக்கொள்கிறது, கொஞ்ச நாள் விலகியிருந்துவிட்டு வந்தால் பலமாகத் தாக்குகிறது என்று அலர்ஜிக்காரர்கள் பலர் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் நடக்கும்.

"ஜிம்மியைக் கட்டிப்பிடித்துத் தூங்கி வளர்ந்தவள் நான், எனக்கு எப்படி நாய் அலர்ஜி வரும்?" என்று கேட்பாய். வரும். அலர்ஜி எந்த வயதிலும் ஆரம்பிக்கலாம். எனக்கு நாற்பதை ஒட்டித்தான் ஆரம்பித்தது. பெற்றவர்களுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பும் கூடுதல், ஆகவே இதில் என் பங்கும் இருக்கிறது. சிறு வயதில் நாயோடு வளர்கிற குழந்தைகளுக்கு ஆஸ்துமா குறைவு என்று ஸ்வீடனில் ஒரு பெரிய ஆய்வு 2015-ல் வந்தது உண்மைதான். ஆனால் அது கூட்டத்தில் காணும் போக்கு. தனி ஆளுக்குத் தரும் உத்தரவாதம் இல்லை.

நீ ஏன் மறைக்கிறாய் என்று எனக்குப் புரிகிறது. ஜாக்கி மாப்பிள்ளையோடு வந்த நாய். உன்னைப் பார்ப்பதற்கு முன்பிருந்தே அவரோடு இருக்கிறது. "எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று நீ சொன்னால் அது "நாயா நானா" என்று கேட்பதுபோல ஆகிவிடுமோ என்று பயப்படுகிறாய். நீ கேட்க வேண்டியது அதுவல்ல. எனக்கும் நாய் ஆகாது, இங்கே மணி இருக்கிறான், இருவரும் ஒரே கூரையின் கீழ்தான் இருக்கிறோம். முடிகிறது. ஆனால் எல்லோருக்கும் முடியும் என்று சொல்ல மாட்டேன். அது எதைப் பொறுத்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதல் வேலை, நாய்தான் காரணமா என்று உறுதியாகத் தெரிந்துகொள்வது. வீட்டுத் தூசியில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியாக இருக்கலாம், சுவர் ஈரத்தில் படிந்த பூஞ்சையாக இருக்கலாம். பழியை ஜாக்கி மேல் போட்டு, அவனை அனுப்பிவிட்டு, பிறகும் தும்மிக்கொண்டிருந்தால் என்ன செய்வாய்? அலர்ஜி டாக்டரிடம் போனால் முன்கையில் பேனாவால் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டருகிலும் ஒரு சொட்டு மருந்து வைப்பார்கள். நாய், பூனை, தூசிப்பூச்சி, பூஞ்சை என்று தனித்தனியாக. அந்தச் சொட்டின் வழியாகத் தோலில் லேசாக ஒரு குத்து. ரத்தம் வராது. பிறகு கையை நீட்டியபடி கால் மணி நேரம் உட்கார வேண்டும், அதுதான் கொடுமை, சொறியக் கூடாது. ஒரு சொட்டு வெறும் உப்புத் தண்ணீர், அது தடிக்கக் கூடாது. இன்னொன்று ஹிஸ்டமின், அலர்ஜி வரும்போது உடம்பே சுரக்கும் பொருள், அது எல்லோருக்கும் தடிக்கும், அதைப் பார்த்துப் பயந்துவிடாதே. இந்த இரண்டையும் அளவுகோலாக வைத்துத்தான் மற்றவற்றைப் படிப்பார்கள். நீ போடுகிற தும்மல் மாத்திரையைச் சோதனைக்குச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் தடிப்பே வராது. எத்தனை நாள் என்று தேதி வாங்கும்போதே கேட்டுவிடு. நிறுத்த முடியாதவர்களுக்கு ரத்தப் பரிசோதனை உண்டு.

டாக்டரிடம் இன்னொன்றையும் கேள். நாய் அலர்ஜி என்பது ஒரே பொருளால் வருவதில்லை. நாயின் உடம்பிலிருந்து வரும் பல புரதங்கள் அதைக் கிளப்பும், 'கேன் எஃப் 1', 'கேன் எஃப் 2' என்று எண் போட்டு வைத்திருக்கிறார்கள். அதில் 'கேன் எஃப் 5' ஆண் நாயின் புராஸ்டேட் சுரப்பியில் உண்டாவது, சிறுநீர் வழியாக வந்து முடியில் ஒட்டுகிறது. சிலருக்கு அது ஒன்றுதான் ஆகாது. அப்படிப்பட்டவர்கள் பெண் நாயோடும், காயடித்த ஆண் நாயோடும் பெரும்பாலும் தொந்தரவில்லாமல் இருக்க முடிகிறது. ஜாக்கிக்கு இன்னும் கருத்தடை செய்யவில்லை என்று நீதானே சொன்னாய்? அந்தப் புரதத்தைத் தனியாகப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை இருக்கிறது. உனக்கு அது ஒன்றுதான் ஆகாது என்று வந்தால் அதிர்ஷ்டம்தான். வராவிட்டாலும் நஷ்டமில்லை, தெரிந்துகொண்டோம்.

உன் தோழி நாயை மொட்டையடிக்கச் சொன்னாளாம். வேண்டாம். முடி இதில் வெறும் வாகனம். தோலிலிருந்து உதிரும் செதிலும் எச்சிலும் சிறுநீரும்தான் விஷயம். ஜாக்கி தன்னை நக்கிக்கொள்ளும்போது எச்சில் முடியில் படிந்து, காய்ந்து, பொடியாகிப் பறக்கிறது. மாவு சலித்தால் சிறிது நேரத்தில் தரையில் படிந்துவிடும். இந்தப் பொடியில் ஒரு பகுதி அதைவிட மிக நுண்ணியது, மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். நாய் இல்லாத அறையில் உனக்குக் கண் அரிப்பது அதனால்தான். உடையில் ஒட்டிக்கொண்டு போய், நாயே நுழையாத பள்ளிக்கூடங்களில்கூட இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

"அலர்ஜி தராத ஜாதி" என்று விற்கிறார்களே, அதையும் நம்பாதே. 2009-ல் ஒபாமா வீட்டுக்கு ஒரு போர்ச்சுகீசிய வாட்டர் டாக் வந்தது, மூத்த மகளுக்கு அலர்ஜி என்பதால் தேடி எடுத்தார்கள். அதன்பின் அந்தப் பேச்சு உலகம் முழுக்கப் பரவிவிட்டது. ஆனால் 2011-லும் 2012-லும் வந்த ஆய்வுகளில், அப்படி விற்கப்படும் ஜாதி நாய்கள் இருக்கும் வீட்டிலும் மற்ற நாய்கள் இருக்கும் வீட்டிலும் தூசியை அளந்து பார்த்தபோது பெரிய வித்தியாசமில்லை. முடியில் அளந்ததில் அந்த ஜாதிகளில்தான் கூடுதலாகவே இருந்தது. எனக்கு இதைவிடப் பிடித்தது லாப்ரடூடில் வந்த கதை. 1980-களின் இறுதியில் ஆஸ்திரேலியாவில் வழிகாட்டி நாய்களை வளர்க்கும் அமைப்பில் வாலி கான்ரன் என்பவர் வேலை பார்த்தார். ஹவாயில் கண் தெரியாத ஒரு பெண்ணுக்கு நாய் தேவை, கணவருக்கோ நாய் முடி ஆகாது. கான்ரன் லாப்ரடாரையும் பூடிலையும் சேர்த்தார். பிறந்தவை மூன்று குட்டிகள். மூன்றின் முடியையும் எச்சிலையும் அந்தக் கணவருக்கு அனுப்பிப் பார்த்ததில் ஒன்று மட்டும்தான் ஒத்துக்கொண்டது. ஒரே தாய், ஒரே ஈற்று, மூன்றில் ஒன்று! ஆகவே கேள்வி எந்த ஜாதி என்பதில்லை. இந்த நாய், இந்த ஆள், அவ்வளவுதான். ஜாக்கிக்குப் பதில் வேறு நாய் எடுக்கலாம் என்று மாப்பிள்ளை பெருந்தன்மையாகச் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதே.

சரி, வீட்டுக்கு வருவோம். எல்லாவற்றிலும் பெரியது படுக்கையறைக் கதவு. மற்ற எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய். நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம் நீ மூச்சு விடுகிற இடம் அது. பகலில் ஜாக்கி உள்ளே வரலாம், இரவில் மட்டும் வேண்டாம் என்பது வேலைக்காகாது, அவன் இல்லாதபோதும் அவன் விட்டுப்போனது மெத்தையில் இருக்கும். கதவு எப்போதும் சாத்தியே இருக்க வேண்டும். முதலில் வெளியே உட்கார்ந்து கதவைப் பிராண்டுவான், முனகுவான், மாப்பிள்ளையின் முகம் வாடும். இரண்டு பேரும் ஒரே பேச்சில் நின்றால் நாய் சீக்கிரம் பழகிவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் இரக்கப்பட்டால்தான் பழகாது. மணி இப்போது நிலைப்படிக்கு வெளியே முன்னங்கால் இரண்டையும் கோடு பிடித்தமாதிரி வைத்துப் படுத்துக்கொள்கிறான், மூக்கு மட்டும் எல்லை தாண்டும்.

உள்ளே கம்பளம் இருந்தால் எடுத்துவிடு. விரிப்பு, தலையணை உறைகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி சூட்டில் துவை. காற்றுச் சுத்திகரிக்கும் கருவி வாங்குவதானால் மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ளதை வாங்கி இந்த அறையில் வை, கூடத்தில் வைத்து வீடு முழுக்கச் சுத்தமாகும் என்று நம்பாதே. பெருக்காதே, ஈரத்துணியால் துடை, பெருக்கினால் படிந்ததெல்லாம் எழுந்து மறுபடி உன் மூக்குக்குத்தான் வரும். வாக்யூம் கிளீனரிலும் ஹெப்பா இருக்கிறதா பார். சோஃபாவில் துணி உறை இருக்கும்வரை, குஷன் இரண்டும் சேருகிற இடுக்கில் விரலை விட்டுப் பார், அங்கே ஒரு நாயே இருக்கும்.

நாயைக் குளிப்பாட்டினால் குறையும் என்பது உண்மை, ஆனால் சில நாளிலேயே பழைய அளவுக்கு வந்துவிடும். வாரம் இரண்டு தடவை குளிப்பாட்டினால்தான் பலன் நிற்கும் என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். என் கருத்தைக் கேட்டால், அந்த உழைப்புக்குத் தகுந்த பலன் இல்லை. அடிக்கடி சோப்புப் போட்டால் நாயின் தோல் காய்ந்து செதில் இன்னும் கூடவும் கூடும். செய்வதானால் கால்நடை மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். முடி சீவுவது வீட்டுக்கு வெளியே, மாப்பிள்ளையின் கையால். சீவி முடித்ததும் அவர் சட்டையை மாற்றிவிட்டுத்தான் உன் பக்கத்தில் உட்கார வேண்டும். நீ கொஞ்சலாம், யார் வேண்டாம் என்றது? முகத்தை நக்க விடாதே, கொஞ்சிய கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்க்காதே.

மருந்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், டாக்டர் சொல்வார். மாத்திரையைவிட மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே மூக்கடைப்புக்கு நன்றாக வேலை செய்யும். ஆனால் அடித்த உடனே ஒன்றும் தெரியாது, தினமும் போட்டு வந்தால் ஓரிரு வாரத்தில்தான் முழுப் பலன் தெரியும். இரண்டு நாள் அடித்துவிட்டு "சரியில்லை" என்று மூலையில் வைப்பவர்கள்தான் பாதிப் பேர். அடிக்கும் விதமும் முக்கியம். தலையைக் கொஞ்சம் குனி, வலது கையால் இடது மூக்கில், இடது கையால் வலது மூக்கில் அடி. அப்போது முனை தானாகவே வெளிப்பக்கம், கண்ணின் ஓரத்தை நோக்கித் திரும்பும். நடுச்சுவரைப் பார்த்து அடித்தால் புண்ணாகி ரத்தம் வரும். அடித்தபின் முரட்டுத்தனமாக உறிஞ்சாதே, மருந்து தொண்டைக்குப் போய்விடும். கடையில் நீயாக வாங்கிப் போடுகிற அடைப்புச் சொட்டு இருக்கிறதே, அதைச் சில நாளுக்கு மேல் தொடாதே. விட்டதும் அடைப்பு இன்னும் பலமாகத் திரும்பும். ஊசி மூலம் உடம்பைப் பழக்கும் சிகிச்சையும் உண்டு. மூன்று முதல் ஐந்து வருடம் ஆகும், நாய் விஷயத்தில் அதன் பலன் தூசிப்பூச்சிக்கு இருக்கிற அளவுக்கு உறுதியாக இல்லை. டாக்டர் சொன்னால் யோசி.

இதுவரை சொன்னதெல்லாம் மூக்குக்கும் கண்ணுக்கும். அங்கே பேரம் பேசலாம், நான் இத்தனை காலமாகப் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். நெஞ்சு வேறு. போன வாரம் பேசும்போது நடுநடுவே நீ இருமியதைக் கேட்டேன். இரவில் இருமி எழுகிறாயா? மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம் வருகிறதா? மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுகுகிறதா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் அலர்ஜிச் சோதனைத் தேதிக்குக் காத்திருக்காதே, நாளைக்கே டாக்டரைப் பார். அது ஆஸ்துமாவாக இருக்கலாம். பேச முடியாத அளவு மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ டாக்டரின் அறைக்குப் போகக் காத்திராமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போ. ஆஸ்துமா என்று உறுதியாகி, மருந்தும் கதவும் துடைப்பும் எல்லாம் செய்தபிறகும் அடங்காவிட்டால், ஜாக்கிக்கு வேறு நல்ல இடம் பார்க்க வேண்டியதுதான். நாயை எவ்வளவு நேசிக்கிறாய் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள நுரையீரலுக்குத் தெரியாது. மாப்பிள்ளையின் தம்பி அவனோடு விளையாடுவான் என்றாயே, அப்படி அவனைத் தெரிந்த ஒரு வீடு இருந்தால் அவனுக்கும் கஷ்டம் குறைவு.

அந்த நிலைக்கு வந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. ஆனால் யாராவது "ஒரு வாரம் நாயை வெளியே விட்டுப் பார், தெரிந்துவிடும்" என்று யோசனை சொன்னால் கேட்காதே. நாய் போனபிறகும் அது விட்டுப்போனது வீட்டில் குறைவதற்கு மாதங்கள் ஆகும். ஒரு வாரம் விட்டுப் பார்த்து, தும்மல் நிற்கவில்லை, ஆகவே நாய் காரணமில்லை என்று முடிவு கட்டினால் அது தப்பான முடிவு.

மாப்பிள்ளையிடம் இன்று இரவே சொல்லிவிடு. "எனக்கு நாய் அலர்ஜி இருக்கலாம், சோதனை செய்யப் போகிறேன், இனி படுக்கையறைக் கதவு சாத்தியிருக்கும்" என்று மூன்று விஷயம் போதும், அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். நீ மறைத்துவைத்த ஒவ்வொரு வாரமும் அவர் தெரியாமல் ஜாக்கியை உன் தலையணையில் படுக்க வைத்துக்கொண்டிருக்கிறார். தெரிந்தால் அவர்தான் முதலில் துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பிப்பார் என்பது என் கணிப்பு. கொஞ்சம் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, நாய் அவருடையது, சுளிக்க உரிமை உண்டு.

சோதனைத் தேதி வாங்கியதும் எனக்கு ஒரு செய்தி போடு. முடிவு வந்ததும் அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பு, 'கேன் எஃப் 5' வரியை நானும் பார்க்க வேண்டும். அப்புறம், மாத்திரையை நிறுத்தியிருக்கும் நாட்களில் போன் செய்யாமல் எழுது. நீ தும்முவதைக் கேட்டால் நான் பஸ் ஏறிவிடுவேன்.

அன்புடன்,
அம்மா