வாகனப் பதிவு விவரங்களை மொத்தமாகத் தர வேண்டாம்

ஆசிரியருக்கு,

வாகனப் பதிவு விவரங்களைத் தனியாருக்குத் தரலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம், 'உரிமையாளரின் பெயரை மறைத்துத்தானே தருகிறோம்' என்று ஒரு பதில் வருகிறது. பெயரை மறைப்பதால் பெரிதாக எதுவும் மாறிவிடாது. ஒரு கேள்விக்கு ஒரு பதில் போதும் என்ற இடத்தில் மூட்டையாக அள்ளிக் கொடுப்பதுதான் சிக்கல்.

2019 மார்ச்சில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வாகனப் பதிவுக்கான 'வாஹன்', ஓட்டுநர் உரிமத்துக்கான 'சாரதி' ஆகிய தரவுத்தளங்களின் விவரங்களை மொத்தமாகத் தருவதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. வணிக நிறுவனங்களுக்குக் கட்டணம் 3 கோடி ரூபாய். கல்வி நிறுவனங்களுக்கு 5 லட்சம். இந்தத் தரவுகளை அணுக 87 தனியார் நிறுவனங்களுக்கு அனுமதி தரப்பட்டிருப்பதாகவும், வருவாய் சுமார் 65 கோடி என்றும் அதே ஆண்டு ஜூலையில் நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. அடையாள விவரங்களை நீக்கினாலும், பிற தகவல்களோடு சேர்த்துப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்துவிட முடியும் என்பதை அந்தக் கொள்கை ஆவணமே ஒப்புக்கொண்டிருந்தது. 2020 ஜூனில் கொள்கை கைவிடப்பட்டது. கொள்கையைக் கைவிட்டாயிற்று, சரி. கைமாறிய கோப்புகள் அழிக்கப்பட்டதற்கு யார் சான்று கொடுத்தார்கள்?

பெயர் இல்லாமல் ஆளை எப்படிப் பிடிப்பார்கள் என்று கேட்பவர்களுக்கு: பதிவு நாள், மாடல், நிறம், வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ஆகிய நான்கு விவரங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறிய பகுதி அலுவலகத்தில் ஒரே நாளில், ஒரே மாடலில், ஒரே நிறத்தில் பதிவாகும் கார் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். பதிவு எண்ணும் கையில் இருந்தால் வேலை இன்னும் சுலபம். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் காவலாளி வைத்திருக்கும் நோட்டில் வண்டி எண், பெயர், கைபேசி எண், வீட்டு எண் எல்லாம் ஒரே வரிசையில் இருக்கின்றன. சர்வீஸ் சென்டர் ரசீதிலும் அப்படியே. இந்தப் பட்டியலையும் அரசுத் தரவையும் வண்டி எண்ணைக் கொண்டு இணைத்தால், இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது, கடன் எந்த வங்கியில் என்பது வரை ஒருவரின் முழு விவரமும் தயார். வண்டி விவரங்களைப் பார்க்க உதவும் அரசின் எம்-பரிவாகன் செயலியில் உரிமையாளர் பெயரின் நடுவே நட்சத்திரக் குறி போட்டிருப்பதில் என்ன பயன்?

இதைவிடக் கவலை தருவது, பதிவேடே பல இடங்களில் பழசாகிக் கிடப்பது. வண்டியை விற்றவர் அதே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். நடைமுறையில் உரிமை மாற்றத்துக்கான 29, 30 எண் படிவங்களில் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, தேதி போடாமல், வண்டி இரண்டு மூன்று கை மாறிவிடுகிறது. ஆர்.சி.யில் பழைய உரிமையாளரே நிற்கிறார். கடனை அடைத்தவர்களிலும் பலர் வங்கியின் தடையில்லாச் சான்றை வாங்கிப் பீரோவில் வைத்துவிடுகிறார்கள். 35 எண் படிவம் கொடுத்து அடமானப் பதிவை நீக்குவதில்லை. இந்தத் தரவை நம்பி ஒரு நிறுவனம் ஆள் அனுப்பினால், என்றோ வண்டியை விற்றுவிட்டவரின் வீட்டுக் கதவைத்தான் தட்டும். மொத்தமாக வாங்கி வைத்த பிரதி இன்னும் மோசம்: அலுவலகத்தில் பிறகு திருத்தினாலும் அந்தப் பிரதியில் திருத்தம் ஏறாது.

தனியாருக்கு எதையுமே தரக்கூடாது என்று சொல்லவில்லை. பழைய கார் வாங்கக் கடன் தரும் வங்கி, அந்த வண்டியின் மேல் வேறு கடன் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இழப்பீடு தரும் காப்பீட்டு நிறுவனம் சேசிஸ் எண்ணைச் சரிபார்க்க வேண்டும். பழுதான பாகத்தைத் திரும்பப் பெறும் தயாரிப்பாளர் இன்றைய உரிமையாளரை அடைய வேண்டும். முதல் இரண்டுக்கும் 'ஆம்', 'இல்லை' என்ற பதில் போதும். மூன்றாவதற்கு, தயாரிப்பாளர் தரும் சேசிஸ் எண் பட்டியலை வைத்து அறிவிப்பைப் போக்குவரத்துத் துறையே அனுப்பிவிடலாம். முகவரி வெளியே போக வேண்டியதில்லை.

ஒவ்வொரு தேடலிலும் நிறுவனம், நேரம், காரணம் பதிவாக வேண்டும். அந்த நிமிடமே உரிமையாளருக்குக் குறுஞ்செய்தி போக வேண்டும். வங்கிக் கணக்கில் பணம் எடுத்தால் செய்தி வருகிறதே, இதற்கு மட்டும் ஏன் வராது? ஏதேனும் காரணத்தால் தொகுப்பாகத் தந்தே தீர வேண்டுமென்றால், ஒவ்வொரு நிறுவனத்தின் கோப்பிலும் சில போலிப் பதிவுகளைக் கலந்து, ஒவ்வொன்றிலும் வேறு எங்கும் தராத ஒரு கைபேசி எண்ணைப் போட்டுவைக்கலாம். அந்த எண்ணுக்கு விளம்பர அழைப்பு வந்தால், எந்தக் கோப்பு கசிந்தது என்பது உடனே தெரிந்துவிடும். செலவும் அதிகமில்லை.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் வேறு. அதுவரை வாகன உரிமையாளர்கள் பரிவாகன் தளத்தில் தங்கள் கைபேசி எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. பல பதிவுகளில் ஷோரூம் ஊழியரின் எண்ணோ இடைத்தரகரின் எண்ணோதான் இருக்கிறது. வண்டியை அங்கீகாரம் பெற்ற பழைய வாகன விற்பனையாளரிடம் ஒப்படைப்பவர்கள், வண்டி ஒப்படைக்கப்பட்டதைத் தெரிவிக்கும், 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள 29சி படிவத்தை இணையத்தில் பதிவேற்றி, ஒப்புகையை எடுத்து வைத்துக்கொண்ட பிறகே சாவியைக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
மோட்டார் வாகனச் சட்டத்தில் ஈடுபாடுள்ள வாசகர்