ஒன்பது டேப்புகளும் திறந்துவிட்டன

நங்கநல்லூர் ஐயாவுக்கும், ரிச்சி தெரு தம்பிக்கும், கிண்டியில் பொறியியல் படிக்கும் தங்கைக்கும், எங்கள் அறையைக் கூட்டிப் பெருக்கும் அக்காவுக்கும் வணக்கம்.

பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். அதனால் ஊரையும் உறவையும் சொல்லியே எழுதுகிறேன்.

நடந்தது மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும். ராயப்பேட்டையில் ஒரு மாடி அறையில் பழைய தமிழ் இதழ்களை ஸ்கேன் செய்து சேமித்து வருகிறோம். எல்லாம் ஒரே லினக்ஸ் சர்வரில் இருந்தன. சித்திரை வெயிலில் ஏசி நின்றுபோன வாரம், அடுத்தடுத்து இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் போயின. பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் எங்கள் ரெய்டு அமைப்பு, ஒரு டிஸ்க் போனால் மட்டும்தான் தாங்கும். கையில் இருந்தவை ஒன்பது எல்டிஓ-5 டேப்புகள், அதாவது தரவைச் சேமிக்கும் காந்த நாடாக்கள், மட்டும். முன்பு சர்வரைப் பார்த்துக்கொண்ட நண்பர் எழுதி வைத்துவிட்டு வெளிநாடு போனவை அவை. எப்படி எழுதினார் என்று ஒரு குறிப்பும் இல்லை. அந்தப் பக்கங்களில் பலவற்றுக்கு இன்று காகிதமே கிடையாது. ஸ்கேன் செய்து நாங்கள் திருப்பிக் கொடுத்த மூன்று பெட்டி இதழ்கள், 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் வேளச்சேரியில் ஒரு வீட்டில் நனைந்து கூழாகிவிட்டன.

டேப்பைப் போட்டு, கோப்புகளை ஒரே கட்டாகக் கட்டவும் பிரிக்கவும் உதவும் டார் கட்டளையைக் கொடுத்தால், 'நினைவகம் ஒதுக்க முடியவில்லை' என்று வந்து நின்றது. பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்திருந்தவர்கள் ரேம் போதாது என்றார்கள். வாங்கிப் போட்டோம், அதே பிழை. அப்புறம் டேப்பைப் படிக்கும் டிரைவே போய்விட்டது, டேப்புகளையும் தூக்கிப் போடுங்கள் என்றார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஐயா, மறுநாள் காலையிலேயே மெட்ரோ பிடித்து ஆயிரம் விளக்கில் இறங்கி, அந்த வெயிலில் நடந்தே வந்தீர்கள். வங்கியின் கணினிப் பிரிவில் பல வருடம் டேப் பார்த்த கை உங்களுடையது. வந்ததும் கீபோர்டைத் தொடவே இல்லை. ஒன்பது டேப்புகளையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் இருக்கும் சிவப்புத் தாழை நகர்த்திப் பூட்டினீர்கள். "படித்து முடிக்கிற வரைக்கும் இதில் ஒரு எழுத்துகூட விழக் கூடாது" என்றீர்கள். நாங்கள் பதற்றத்தில் என்னென்னவோ கட்டளைகளைத் தட்டிக்கொண்டிருந்தோம். ஒரு தப்பான வரி போதும், எல்லாம் அழிந்திருக்கும். இதுவரை எங்கேயிருந்தன என்று கேட்டீர்கள். மேற்கு மாம்பலத்தில் ஒரு பீரோவில் என்றேன். சரி, ஒரு நாள் இந்த ஏசி அறையிலேயே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினீர்கள்.

அடுத்த நாள் நீங்கள் கொடுத்தது, தரவை அப்படியே நகலெடுக்கும் ஒரே ஒரு டிடி கட்டளை. ஒரு மெகாபைட் அளவு கேட்டு, ஒரே ஒரு பிளாக்கை, அதாவது டேப்பில் ஒரே மூச்சில் எழுதிய ஒரு துண்டை, படித்து ஒரு கோப்பில் போட்டீர்கள். கோப்பின் அளவு 2,62,144 பைட் என்று வந்தது. நண்பர் 256 கிலோபைட் பிளாக்கில் எழுதியிருக்கிறார். டாரோ சொல்லாவிட்டால் 10,240 பைட்தான் கேட்கும். பெரிய பிளாக்கைச் சின்னப் பாத்திரத்தில் ஊற்ற முடியாமல் லினக்ஸின் டேப் டிரைவர் மென்பொருள் கையை விரித்ததைத்தான் ரேம் பிழை என்று நினைத்திருந்தோம். டார் 512 பைட் கணக்கில் எண்ணும் என்பதால், பிளாக் எண்ணை 512 என்று கொடுத்தீர்கள். கோப்புப் பெயர்கள் திரையில் ஓட ஆரம்பித்தன. நான் அழுதுவிட்டேன் ஐயா, நீங்கள் பார்த்தீர்கள்.

லினக்ஸில் டிரைவை எஸ்டி0 என்ற பெயரில் அழைத்தால் ஒவ்வொரு முறையும் டேப் முதலுக்கே சுருண்டுவிடும், என்எஸ்டி0 என்று அழைத்தால் நின்ற இடத்திலேயே நிற்கும் என்று சொல்லித் தந்ததும் நீங்கள்தான். அது தெரியாமல் இருந்தால், ஒவ்வொரு டேப்பிலும் முதல் தொகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு அவ்வளவுதான் என்று மூடியிருப்போம். பின்னால் இன்னும் மூன்று தொகுதிகள் இருந்தன.

தங்கையே, மூன்றாவது டேப் பாதியில் டிரைவ் காணாமல் போனபோது மறுபடி பயந்துவிட்டேன். நீ, லினக்ஸ் தனக்குள் நடப்பதை எழுதி வைக்கும் கர்னல் பதிவை வரி வரியாகப் படித்து, இணைப்புதான் அறுந்து அறுந்து வருகிறது, டேப்பில் பிழையே இல்லை என்று கண்டுபிடித்தாய். டிரைவைச் சர்வரோடு இணைக்கும் எஸ்ஏஎஸ் கேபிளைத் தேடி சிந்தாதிரிப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி, ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கியதும் நீதான்.

அக்கா, ஐந்தாவது டேப்பில் படிக்க முடியாத இடங்கள் வந்தபோது காரணத்தைச் சொன்னது நீங்கள். "அந்த ஜன்னல் பக்கத்து அலமாரியைத் தினமும் துடைக்கிறேன், தினமும் கருப்பா வருது" என்றீர்கள். வெளியே மெட்ரோ வேலை நடக்கிறது; அந்தத் தூசியை டிரைவின் விசிறி உள்ளே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. டிரைவின் உள்ளே சுத்தம் செய்வதற்கென்றே இருக்கும் துடைக்கும் டேப்பை ஒருமுறை ஓட்டி, டிரைவை உள் சுவர்ப் பக்கம் மாற்றினோம். ஐந்தாவது டேப் முழுதாக வந்தது.

இப்போது புதிய பிரதிகளும் எழுதியாகிவிட்டது. எழுதும்போது முதலில், சின்னச் சின்னக் கோப்புகளாக டிஸ்க் மெதுவாகக் கொடுக்க, டிரைவ் நின்று, பின்னால் போய், மறுபடி ஓடித் தேய்ந்துகொண்டிருந்தது. தங்கை நடுவில், தரவைச் சேர்த்து வைத்துத் தள்ளும் எம்பஃபர் என்ற மென்பொருளை வைத்து, 4 ஜிபி சேர்ந்த பிறகே டேப்புக்குத் தள்ளும்படி செய்தாள். ஐயா சொன்னபடி ஒவ்வொரு பெட்டியின் மேலும் தேதி, பிளாக் அளவு, திறக்கும் கட்டளை மூன்றையும் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

தம்பி, சோதனை மேசையில் நீ பயன்படுத்திக்கொண்டிருந்த கேபிளையே கழற்றிக் கொடுத்தாய். முன்பணம்கூடக் கேட்கவில்லை. வேலை முடிந்து திருப்பிக் கொடுக்க வந்தபோதும், "உங்ககிட்டயே இருக்கட்டும் சார், மறுபடி எழுதணும்ல" என்று சொல்லிவிட்டாய். அது இப்போது டிரைவின் பின்னால்தான் இருக்கிறது. அடுத்த பிரதி ஆடியில் எழுதுகிறோம். கடை விடுமுறை நாளில் வந்து பார்த்துவிட்டுப் போ.