சம்பா நாற்றங்காலுக்கு முன் ஒரு வேண்டுகோள்: நெல் இலைக்கருகல் குறித்து வேளாண்மைத் துறைக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு வேளாண்மை – உழவர் நலத்துறை அலுவலர்களுக்கு, வணக்கம்.

திருவாரூர் மாவட்டத்தில் மூன்றரை ஏக்கரில் சம்பா பயிரிடும் உழவன் நான். சென்ற பட்டத்தில், ஐப்பசி அடைமழையும் காற்றும் ஓய்ந்த இரண்டு வாரத்தில், தூர் கட்டி நின்ற ஆந்திரா பொன்னி நெல்லின் இலைகள் நுனியிலிருந்து மஞ்சளித்து, ஓரம் நெடுக அலை அலையாக வெளுத்துக் காய்ந்துகொண்டே வந்தன. குலைநோய் என்று சொல்லி மருந்துக் கடையில் பூசணக்கொல்லி கொடுத்தார்கள். இருமுறை அடித்தேன், பணம் போனது, கருகல் நிற்கவில்லை. அது பூசணத்தால் வந்த நோயே அன்று, பாக்டீரியா இலைக்கருகல் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

இதை அடையாளம் காணக் கருவி எதுவும் வேண்டியதில்லை. நோயுற்ற இலையை நறுக்கித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் நிறுத்தினால், வெட்டுவாயிலிருந்து பால் போன்ற கசிவு சிறிது நேரத்தில் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். இந்த எளிய சோதனையை ஒவ்வொரு வேளாண்மை விரிவாக்க மையத்திலும் உழவர்களுக்குச் செய்து காட்டியிருந்தால், என்னைப் போன்ற பலர் தவறான மருந்துக்குச் செலவழித்திருக்க மாட்டோம்.

நோயை அறிந்த பிறகும் கடைகளில் கைக்கு வந்தது ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்த பொடிதான். நெடுங்காலம் பரிந்துரைப் பட்டியல்களிலும் இடம்பெற்றிருந்த மருந்து அது. ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்க்குக் கொடுக்கப்படும் மருந்து. அதை வயல்வெளியெங்கும் தெளித்தால் மண்ணிலும் நீரிலும் உள்ள கிருமிகள் அதைத் தாங்கப் பழகிவிடும் என்ற அச்சத்தினால்தான், 2021 டிசம்பரில் ஒன்றிய வேளாண் அமைச்சகம் இக்கலவையை வேளாண்மையில் தடை செய்வதற்கான வரைவு ஆணையை வெளியிட்டது. மேலும், இலைக்கருகல் கிருமி இலையோரத் துளைகள் வழியாகவும் காயங்கள் வழியாகவும் நுழைந்து, நீர் செல்லும் குழாய்களுக்குள்ளேயே பெருகுவதால், மேலே படியும் தெளிப்பு உள்ளே இருப்பதை எட்டுவது அரிது. மழைக்காலத்தில் அந்தத் தெளிப்பும் கழுவப்பட்டுவிடும்.

ஆகவே தடுப்பை நாற்றங்காலிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வளர்ந்த நாற்றின் நுனியைக் கிள்ளி நடும் பழக்கத்தை நாங்கள் கைவிட வேண்டும். கிள்ளிய ஒவ்வொரு நுனியும் கிருமிக்குத் திறந்த வாசல். தழைச்சத்து மிகுந்து கருகருவென்று நிற்கும் பயிரே முதலில் விழுகிறது என்பதால், இலையின் பச்சையை ஒப்பிட்டுத் தழைச்சத்துத் தேவையைக் காட்டும் இலை வண்ண அட்டையைப் பார்த்து, யூரியாவைப் பிரித்து இட வேண்டும். அந்த அட்டையைக் கண்ணால் கூடப் பார்த்திராத உழவர்கள் எங்கள் ஊரில் பலர். எல்லாவற்றிலும் கடினமானது தண்ணீர். டெல்டாவில் மேல் வயல் நீரே கீழ் வயலுக்குப் பாய்கிறது. நோயுற்ற வயலின் நீரைத் தனியே வடிக்க வேண்டுமானால் வடிகால் இருக்க வேண்டும். தூர்ந்துபோன வடிவாய்க்காலைத் தனி உழவன் ஒருவனால் சரி செய்ய இயலாது. அதற்குத் தாங்கள் பொதுப்பணிக்குரிய அலுவலர்களுடன் சேர்ந்து முன்னின்றால்தான் உண்டு.

நான் முதன்மையாகக் கேட்பது விதை. நாங்கள் ஆந்திரா பொன்னி என்று அழைக்கும் பிபிடி 5204 (சம்பா மசூரி), சுவையிலும் விலையிலும் எங்களுக்கு உகந்தது. ஆனால் இந்நோய்க்கு எளிதில் இரையாவது. அதே நெல்லில் மூன்று எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்த்து, ஐதராபாத்தின் செல் – மூலக்கூறு உயிரியல் மையமும் நெல் ஆராய்ச்சி நிறுவனமும் உருவாக்கிய மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி 2008-இல் வெளியிடப்பட்டது. அம்மரபணுக்களுள் ஒன்று ஆப்பிரிக்கக் காட்டு நெல்லிலிருந்து வந்தது. மரபணு மாற்றுப் பயிர் என்று அஞ்சுவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இது இனக்கலப்பின் வழியே, மரபணு அடையாளங்களைக் கொண்டு தேர்ந்தெடுத்து உருவாக்கப்பட்ட நெல். ஒரு மரபணுவை முறியடிக்கும் கிருமி வகைகள் தோன்றக்கூடும் என்பதால்தான் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தார்கள்.

எங்கள் மண்ணில், எங்கள் கிருமி வகைகளுக்கு எதிரே இந்நெல் எவ்வாறு நிற்கிறது என்பதை டெல்டா மாவட்டங்களின் உழவர் வயல்களிலேயே சோதித்து, முடிவைத் தமிழில் வெளியிடுங்கள். தேறினால், சான்று பெற்ற விதையை ஆவணியில் நாற்றங்கால் விடுவதற்கு முன்பாகவே விரிவாக்க மையங்களில் இருப்பு வையுங்கள். கார்த்திகையில் வந்து சேரும் விதையால் எங்களுக்குப் பயனில்லை. சோதனைக்கு என் வயலில் அரை ஏக்கரைத் தர அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
சம்பா உழவன் ஒருவன்,
திருவாரூர் மாவட்டம்.