வெள்ளிக்கிழமைக் கத்தரி

கல்லடி, மட்டக்களப்பு.

அன்புள்ள மகளுக்கு,

கொம்பனி முழுநேரமும் வீட்டிலிருந்து வேலை செய்ய விடுகிறதாம், பிள்ளையோடு இங்கேயே வரட்டுமா என்று கேட்டிருந்தாய். கேட்ட அன்றே உன் அறையைக் கூட்டிக் கழுவிவிட்டேன். அப்புறம்தான் யோசித்தேன்.

2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டு நேரம், தோட்டம் செய்யுங்கள் என்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு தந்தார்களே, ஞாபகமா? நான் கத்தரி வைத்தேன். கத்தரி காய்த்தது. ஆனால் வெள்ளிக்கிழமைக் கடிதங்கள் எல்லாம் திங்கட்கிழமை என் மேசையில் கிடந்தன.

அதற்காகப் பழைய முறை திறமென்று சொல்ல வரவில்லை. நீ கைப்பிள்ளையாக இருந்தபோது, பஸ் பிந்தி, வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோட்டுக்குக் கீழே எத்தனை நாள் கையெழுத்து வைத்திருப்பேன்! பத்து நிமிடம்தான். பின்னேரம் கூட நின்று ஈடுசெய்கிறேன் என்றால் காதில் விழுத்த ஆளில்லை.

பேப்பரில் ஒரு ஆய்வு வாசித்தேன். சீனாவின் ட்ரிப் டொட் கொம் என்ற பயணக் கொம்பனியில் 1,612 பேரைப் பிறந்த திகதி ஒற்றையா இரட்டையா என்று பார்த்துப் பிரித்தார்களாம். ஒரு பகுதிக்குக் கிழமையில் 2 நாள் வீட்டிலிருந்து வேலை. அவர்களில் வேலையை விட்டுப்போவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வேலையின் தரமோ பதவி உயர்வோ குறையவில்லை. பெண்களுக்கும் தூரத்திலிருந்து வருபவர்களுக்கும்தான் கூடப் பலன். புது ஆட்களைப் பிடித்துப் பழக்குகிற செலவு கொம்பனிக்கும் மிச்சம். ஆனால் மகள், அது 2 நாள். அதே கொம்பனி முன்பு கிழமையில் 4 நாள் வீட்டில் விட்டுப் பார்த்தபோது, செய்து முடித்த வேலையின் அளவு கூடினாலும், தனிமை தாங்காமல் கந்தோருக்கே திரும்பியவர்கள் இருந்தார்கள்.

போன முறை நீ வந்து நின்றபோது பார்த்தேனே. இரவு ஒன்பது மணி, ஒரு கை சோற்றுக் கோப்பையில், மற்றக் கை லேப்டாப்பில். மீன் குழம்பு ஆறி ஆடை படர்ந்துவிட்டது. எங்கள் கந்தோரை நாலேகாலுக்குப் பூட்டிவிடுவார்கள். உன்னுடையதை யார் பூட்டுவது?

மாதத்தில் ஒரு கிழமை கொழும்பில் இருக்கிறேன் என்று கேட்டுப் பார். புதிதாய்ச் சேர்ந்த பிள்ளைகள் உன் பக்கத்தில் இருந்துதான் பழகுவார்கள். நானும் பைல் போடப் பழகியது மூத்த கிளாக்கர் அம்மாவின் பக்கத்தில் இருந்து, சுற்றறிக்கை வாசித்தல்ல. நீ இரவுக் கோச்சியில் போய் வா, பேரனை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சாப்பாட்டு மேசையில் லேப்டாப் வைக்க விடமாட்டேன், இப்பவே சொல்லிப்போட்டேன். பின் அறையில் பிளக் ஒன்று அடிக்க ஆளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா