டொமைன் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

நண்பர்களே, போன வாரம் நம் குழுவில் ஒருவர் தன் கடைக்கு டாட் காம் இணைய முகவரி (டொமைன்) பதிவு செய்தார். மறுநாளே "வெப்சைட் செய்து தரட்டுமா சார்?" என்று வரிசையாக அழைப்புகள்! பதிவில் கொடுத்த கைப்பேசி எண் ஹூயிஸ் தேடலில் (ஒரு டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று யாரும் பார்க்கக்கூடிய தேடல்) அப்படியே தெரிந்திருக்கிறது.

2018 மே மாதம் ஐரோப்பாவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் அமலுக்கு வந்ததிலிருந்து பல பதிவு நிறுவனங்கள் இந்த விவரங்களைத் தாமாகவே மறைக்கின்றன. ஆனால் எல்லாரையும் நம்ப முடியாது. பணம் கட்டும் முன்பே உங்கள் விவரங்களை மறைக்கும் 'பிரைவசி' வசதி இருக்கிறதா, இலவசமா என்று பாருங்கள். அப்புறம் மறைத்துக்கொள்ளலாம் என்று விட்டால், பழைய பதிவுகளைச் சேமிக்கும் தளங்களில் உங்கள் எண் தங்கிவிடும்.

டாட் இன் வாங்குவோருக்கு அந்தப் பிரைவசி சேவை கிடைக்காது. அதனால் பதிவுக்கென்று தனி மின்னஞ்சல், முடிந்தால் வீட்டு முகவரிக்குப் பதில் அலுவலக முகவரி கொடுங்கள்.

பொய் விவரம் மட்டும் வேண்டாம். டாட் காம் போன்றவற்றில் சரிபார்ப்பு மின்னஞ்சலுக்கு 15 நாளில் பதில் தராவிட்டால் தளமே முடங்கலாம். அந்த மின்னஞ்சல் ஸ்பாமில் விழலாம், அங்கேயும் தேடுங்கள்.

சந்தேகம் இருந்தால் இங்கேயே கேளுங்கள். திரைப்பிடி அனுப்பும்போது உங்கள் எண்ணை அழித்துவிட்டு அனுப்புங்கள்!