வயல் தனியார்து, பாதை எல்லாருக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்க சுற்றுலா பக்கத்துல இங்கிலாந்து கிராமங்கள் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். படமெல்லாம் அருமை, அதுல குறையே இல்ல. ஆனா கார்ல போயி போர்டன்-ஆன்-தி-வாட்டர்ங்கற ஊர்ல இறங்கி, அந்த குட்டி குட்டி பாலத்துல நின்னு போட்டோ எடுத்துட்டு ரெண்டு மணி நேரத்துல கிளம்பிடலாம், வீடுகளுக்கு பின்னாடி இருக்குறதெல்லாம் தனியார் விவசாய நிலம் உள்ள போயிடாதீங்கன்னு போட்டிருந்தீங்க பாருங்க, அங்கதான் எனக்கு பொறுக்கல. நிலம் தனியார்துதான், இல்லங்கல. ஆனா அந்த நிலத்துக்குள்ள போற பொது நடைபாதைல யாரு வேணா நடக்கலாம், சட்டமே அப்படித்தான் இருக்கு, நிலத்துக்காரரே நெனச்சாலும் தடுக்க முடியாது.

எனக்கு எப்படி தெரியும்னா, போன ஜூன்ல ஆக்ஸ்ஃபோர்டுல மக வீட்டுல இருந்தப்போ நானும் எங்க வீட்டுக்காரரும் அந்த வழியாவே ஒரு முழு ரவுண்டு நடந்தோம். எனக்கு 61, அவருக்கு 66, முட்டி வலி ரெண்டு பேருக்கும் பாரபட்சம் இல்லாம உண்டு. ரயில்ல மோர்ட்டன்-இன்-மார்ஷ், அங்கேருந்து பஸ்ல போர்டன். அங்க ஆரம்பிச்சு லோயர் ஸ்லாட்டர், அப்பர் ஸ்லாட்டர், நாண்டன்னு ஊர் ஊரா போயி, வரும்போது வின்ட்ரஷ் ஆத்துப் பள்ளத்தாக்கு வழியா போர்டனுக்கே திரும்பி வந்துடலாம். போற நடைபாதைக்கு பேரு வார்டன்ஸ் வே, வர்ற நடைபாதைக்கு பேரு வின்ட்ரஷ் வே. மொத்தம் சுமாரா 10 மைல் இருக்கும். வேகமா நடக்குறவங்க நாலு மணி நேரத்துல முடிச்சிடுவாங்க, எங்களுக்கு ஆறரை ஆச்சு, அதுல ஒரு மணி நேரம் வழி தவறுனதுக்கு, அதை அப்புறம் சொல்றேன்.

ஸ்லாட்டர்னு பேர கேட்டு கசாப்பு கடை இருந்த ஊரோன்னு பயப்படாதீங்க, பழைய இங்கிலீஷ்ல சேத்து நிலம்னு அர்த்தம் வர்ற வார்த்தைலேருந்து வந்த பேராம். லோயர் ஸ்லாட்டர்ல ஐ-ங்கற சின்ன ஆறு வீட்டு வாசல ஒட்டியே ஓடுது, கணுக்கால் அளவுதான் தண்ணி, அடில கிடக்குற கல்ல எண்ணிடலாம். அங்க ஒரு சுவர்கிட்ட கண்ண வச்சு பாருங்க. தூரத்துலேருந்து தேன் கலர்ல வழவழன்னு தெரியுற அந்த சுண்ணாம்புக்கல், கிட்ட போனா மீன் சினை மாதிரி பொடி பொடி உருண்டையா இருக்கு. ஜுராசிக் காலத்து கடலடியில உருண்டு சேர்ந்ததுன்னு மக சொன்னா. கார்லேருந்து பாத்தா இதெல்லாம் எப்படி தெரியும் சொல்லுங்க.

அப்பர் ஸ்லாட்டர் இன்னும் சின்னது. ரெண்டு உலகப் போருக்கும் அந்த ஊர்லேருந்து போனவங்க அத்தனை பேரும் உயிரோட திரும்பி வந்திருக்காங்க, இங்கிலாந்துல அப்படிப்பட்ட ஊர் ரொம்ப ரொம்ப கம்மி. உங்க கட்டுரைல இந்த ஊர் பேரே இல்ல.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். இங்கிலாந்து, வேல்ஸ் ரெண்டுலயும் சேத்து இந்த மாதிரி பொதுப்பாதை ரெண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல இருக்கு. எல்லாம் காலங்காலமா சர்ச்சுக்கும் மில்லுக்கும் பக்கத்து ஊருக்கும் ஜனங்க நடந்து நடந்து உண்டான வழி. 1949ல ஒரு சட்டம் போட்டு அந்தந்த கவுன்சில் இதையெல்லாம் மேப்ல குறிச்சே ஆகணும்னுட்டாங்க, ஒருவாட்டி அதுல ஏறிடுச்சுன்னா பாதை பாதைதான். விவசாயி வயலுக்கு நடுவுல போற பாதைய உழலாம், ஆனா 14 நாளைக்குள்ள திரும்ப நடக்குற மாதிரி பண்ணிக் குடுக்கணும், ஒரு மீட்டராவது அகலம் விடணும். வயல் ஓரமா போற பாதைன்னா உழவே கூடாது. நாங்க போனப்போ பார்லி இடுப்பு உசரம் நின்னுச்சு, அதுக்கு நடுவுல தலைல வகிடு எடுத்த மாதிரி நேரா ஒரு கோடு, ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா போகலாம், ரெண்டு பக்கமும் கதிர் கைல உரசுது. எங்க வீட்டுக்காரர் பாதி தூரம் வரைக்கும் யாராவது வந்து திட்டுவாங்கன்னு திரும்பித் திரும்பி பாத்துக்கிட்டே வந்தாரு.

வேலி வர்ற இடத்துல கிஸ்ஸிங் கேட்னு ஒண்ணு இருக்கும். அரைவட்டமா ஒரு கூண்டு, அதுக்குள்ள ஆடுற ஒரு கதவு, ஒவ்வொருத்தரா நுழைஞ்சு கதவ தள்ளிட்டு வெளிய வரணும், மாடு ஆடு தாண்ட முடியாது. பேர கேட்டுட்டு இவரு வெக்கப்பட்டது தனிக் கதை. தோள்பையோட உள்ள போயி மாட்டிக்கிட்டாரு வேற.

நாண்டன் தாண்டி ஒரு இடத்துல மஞ்சள் அம்புக்குறிய கவனிக்காம விட்டுட்டோம். நடக்குறவங்களுக்கு மஞ்சள், குதிரையும் போகலாம்னா நீலம், கம்பத்துல அடிச்சு வச்சிருப்பாங்க. பள்ளத்துல போன்ல சிக்னல் சுத்தமா இல்ல. மேப்பும் கைல இல்ல, நாங்க பண்ண முட்டாள்தனம் அதுதான். யாரோட வயல்லயோ போயி நிக்கிறோம், ட்ராக்டர்ல ஒருத்தர் நேரா எங்கள பாத்து வர்றாரு. செத்தோம்னு நெனச்சேன். அவரு இஞ்சின ஆஃப் பண்ணிட்டு, பாதை அந்த வேலிக்கு அந்தப் பக்கம், அந்த மூலைல கேட் இருக்குன்னு கை காட்டிட்டு, கேட்ட சாத்திட்டு போங்க உள்ள ஆட்டுக்குட்டி இருக்குன்னு மட்டும் சொன்னாரு. அவ்ளோதான். பாதைய விட்டு விலகி நின்னது எங்க தப்பு, அதுக்கு கூட அவரு முகம் சுளிக்கல.

உரிமைன்னா கண்ட இடத்துல ஏறி குதிக்கலாம்னு அர்த்தம் இல்ல, அதையும் எழுதுங்க. பாதைல மட்டும்தான் உரிமை, வயல்ல இல்ல. கேட் திறந்திருந்தா திறந்தபடி, மூடியிருந்தா மூடியபடி விட்டுட்டு போகணும். கன்னுக்குட்டியோட மாடு நின்னா சுத்தி தள்ளியே போகணும், நாய் கூட்டிட்டு போறவங்க மாடு துரத்துனா கயித்த விட்டுடணும், நாய் ஓடி தப்பிச்சுக்கும், நம்மளால முடியாது.

நடக்குற உரிமைங்கறதே அங்க சும்மா வந்துடல. 1932 ஏப்ரல்ல கிண்டர் ஸ்கவுட்னு ஒரு மேட்டு நிலத்துல நூத்துக்கணக்கான தொழிலாளிங்க வேணும்னே அத்துமீறி ஏறியிருக்காங்க, அஞ்சு பேர் ஜெயிலுக்கு போயிருக்காங்க. அது நடைபாதை விவகாரம் இல்ல, பாதை இல்லாத திறந்த மேட்டு நிலத்துலயும் நடக்க விடுங்கன்னு கேட்டது, அதுக்கு முழுசா சட்டம் வந்தது 2000ல தான். இவ்வளவு கஷ்டப்பட்டு வாங்குனத நீங்க ஒரே வரில உள்ள போயிடாதீங்கன்னு எழுதிட்டா எப்படிங்க?

அதனால அடுத்த வாரம் ஒரு திருத்தம் போடுங்க, ப்ளீஸ். கூடவே ஆர்ட்னன்ஸ் சர்வேன்னு அங்க அரசாங்க நிறுவனம் போடுற மேப்ல ஓஎல் 45ங்கற நம்பர் தாள் வாங்கிக்க சொல்லுங்க, அதுல பொதுப்பாதை எல்லாம் பச்சைக் கோடு கோடா வரும், மேப்ல 4 சென்டிமீட்டர்னா நிலத்துல ஒரு கிலோமீட்டர், யாரு வேணா படிச்சுக்கலாம். கடைசி பஸ் எப்பன்னு பாத்துட்டு நடைய ஆரம்பிக்க சொல்லுங்க. ஜூன்ல ராத்திரி ஒம்போது மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கேன்னு நாங்க நிதானமா ஆத்தங்கரைல உக்காந்துட்டு பஸ்ஸ விட்டுட்டோம், மக ஆபீஸ்லேருந்து நேரா கார் எடுத்துட்டு வந்து ஆக்ஸ்ஃபோர்டு வர்ற வரைக்கும் திட்டிக்கிட்டே வந்தா.

இப்படிக்கு,
உங்க பல வருஷத்து வாசகி